எட்டு விநாடித் தூக்கம்

எங்கள் படங்களில் பொய் இருக்காது என்று இந்த நாட்டில் பாதிப் பேர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைப் பதினோரு வருடம் கட்டிக் காத்தவன் நான். அதன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டவனும் நான்தான். என்னை யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. ஆகவே இந்தக் கதையில் திட்டுவதற்கு வேறு ஆளைத் தேட வேண்டாம்.

என் பெயர் ஹோல்கர். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய தானியக் கிடங்கின் மாடியில் உட்கார்ந்து, ‘அது ஏன் அப்படி?’ என்ற இணையத் தொடருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மாதம் இரண்டு படம், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். கப்பல் ஏன் மிதக்கிறது, கம்பளிச் சட்டை ஏன் சுருங்குகிறது, கழிப்பறையில் இழுத்துவிட்ட தண்ணீர் எங்கே போகிறது, இப்படி. பள்ளிக்கூடத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள்தான் எங்கள் ஜனம். உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டே பார்ப்பார்கள். திரையில் தெரிவது யெப்பேயின் முகம். தொடரும் அவனுடையதுதான். பார்ப்பவர் வீட்டுச் சமையலறைக்குள் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தவன் மாதிரி பேசுவான். அவன் பேசுவதை நான் எழுதுவேன், சிட்செல் படம் வரைந்து அதை ஆட வைப்பாள்.

எங்கள் வேலையில் மஞ்சள் வரி என்று ஒன்று உண்டு. ஒரு தகவல் இன்னும் கைக்கு வந்திருக்காது. ஆனால் சிட்செல் வரையத் தொடங்கியாக வேண்டும், அவளுக்கு விநாடிக் கணக்கு வேண்டும். அப்போது அந்த இடத்தில், அதே நீளத்துக்கு, வாய்க்கு வந்த ஒரு வாக்கியத்தை எழுதி மஞ்சள் பூசி வைப்பேன். தகவல் வந்ததும் மஞ்சளைத் தூக்கிவிட்டு உண்மையை வைப்பேன். பதினோரு வருடத்தில் நானூறு மஞ்சள் வரியாவது எழுதியிருப்பேன். எல்லாமே முறையாகப் போய்ச் சேர்ந்தன, ஒன்றைத் தவிர.

தூக்குப் பாலங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஒரு படம் எடுத்தோம். எதிர் எடை, பல்சக்கரம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. பாலம் திறந்திருக்கும்போது ரயில் வர வழிவிடாமல் இயந்திரமே தடுக்கும் பூட்டு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு கதை வேண்டியிருந்தது. விட்சுண்ட் என்ற ஊரில் 1958 ஜனவரியில் நடந்த ஒரு விபத்து கிடைத்தது. மூடுபனி. மீன்படகு ஒன்றுக்காகப் பாலம் தூக்கப்பட்டிருக்கிறது. பால் ஏற்றிவந்த காலை ரயில் நேராக வந்து கடலுக்குள் இறங்கிவிட்டது. பழைய செய்தித்தாளில் இருந்தது இவ்வளவுதான்: இன்ஜின் ஓட்டுநர் பிழைத்தார், ஆக்ஸல் என்ற, இன்ஜினுக்குக் கரி போடும் தொழிலாளி இறந்தார், இருபத்து மூன்று வயதுப் பாலக் காவலர் ஐனார் டோஃப்ட் விசாரிக்கப்பட்டார். விசாரணை அறிக்கை கேட்டு ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். எங்களுக்கு இருந்தது பத்து நாள்.

ஆகவே மஞ்சள். “பாலக் காவலர் ஐனார், காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே கண் அசந்துவிட்டார்.” எட்டு விநாடி.

எங்களிடம் ஒரு அட்டவணை உண்டு. படத்தில் பெயர் சொல்லும் ஒவ்வொருவருக்கும் ‘உயிரோடு இருக்கிறாரா?’ என்று ஒரு கட்டம். உயிரோடு இருந்தால் அவரிடம் பேச வேண்டும், வக்கீலிடம் காட்ட வேண்டும். ஐனாரின் பெயருக்கு நேராக நான் ‘இல்லை’ என்று தட்டினேன். யாரையும் கேட்கவில்லை. 1958 என்றாலே கறுப்பு வெள்ளை, கறுப்பு வெள்ளை என்றாலே செத்தவர்கள் என்று என் கை தானாகவே முடிவு செய்துவிட்டது. தகவலைச் சரிபார்த்தே சம்பாதித்தவன், இருபத்து மூன்றோடு அறுபத்தாறைக் கூட்டிப் பார்க்கவில்லை.

சிட்செல் அந்த எட்டு விநாடியை வரைந்த அழகைச் சொல்ல வேண்டும். காவலரின் தலை மெதுவாகச் சாய்கிறது. கோப்பையும் கூடவே சாய்கிறது. ஒரு சொட்டுக் காபி அவர் பூட்ஸில் விழுகிறது. பின்னால் ரயில் குபுக்கென்று கடலுக்குள் போகிறது, பால் கேன்கள் மிதக்கின்றன, கடல் வெள்ளையாகிறது, ஒரு மீன் எட்டிப் பார்த்து மீசையை நக்கிக்கொள்கிறது. ஆக்ஸல் அந்தப் படத்தில் இல்லை. சிரிப்பு கெட்டுவிடும் என்று நான்தான் எழுதாமல் விட்டேன்.

வியாழக்கிழமை எழுதியதை உரக்கப் படித்துப் பார்க்கும்போது, எங்கள் குழுவில் ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். யெப்பே கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தான்.

“டேய் ஹோல்கர், இது இன்னும் மஞ்சளாவே இருக்கு. உறுதிதானே?”

சிட்செல் என்னைப் பார்த்தாள். அவள் நான்கு நாள் வரைந்திருந்தாள். “இத எடுத்தீங்கன்னா நான் வேலைய விட்டுட்டுப் போயிடுவேன், சொல்லிட்டேன்” என்றாள் சிரித்துக்கொண்டே.

“உறுதிதான்” என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. பெரிய சதி ஒன்றும் இல்லை. எல்லோரும் சிரிக்கிற இடத்தில் சிரிப்பைக் கெடுக்கிறவனாக இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

படம் வெளியாகிப் பன்னிரண்டாம் நாள் காப்பகத்திலிருந்து அறிக்கை வந்தது. பதினொரு பக்கம். ஐனார் விழித்துத்தான் இருந்தார். பாலத்தைத் தூக்குமுன் ரயில் கைகாட்டியை ‘நில்’ என்ற இடத்துக்குத் தள்ளும் லிவரை இழுத்திருக்கிறார். படகிலிருந்த மீனவர் அதைப் பார்த்திருக்கிறார். ஆனால் கைகாட்டியின் கை பனி உறைந்து, ‘வரலாம்’ என்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. மூடுபனியில் அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ரயில் சத்தம் கேட்டதும் சிவப்பு விளக்கைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தில் ஓடியிருக்கிறார். போய்ச் சேரவில்லை. காவலர் மீது குற்றம் ஏதும் இல்லை என்று கடைசிப் பக்கத்தில் மூன்று கையெழுத்து.

படித்து முடித்துவிட்டு, அதைக் கணினியில் ‘பிறகு’ என்ற கோப்புறைக்குள் போட்டேன். அன்றைக்குள் அந்தப் படத்தை பத்து லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். தூங்கும் காவலரை அச்சடித்து ஒரு காபிக் கோப்பையும் விற்பனைக்கு வந்துவிட்டது. யெப்பே என் மேசையில் ஒன்று வைத்தான். அதில்தான் தினமும் காபி குடித்தேன். எனக்கு அப்போது சொரணை என்று ஒன்று இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதைத் தட்டித் தூங்க வைக்கவும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் மாதத்தில் படத்துக்குக் கீழே ஒருவர் எழுதினார்: ‘அவர் தூங்கவில்லை. அவர் என் அப்பா.’ அதற்குக் கீழே யாரோ, ‘தூங்குமூஞ்சிங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க’ என்று எழுத, அதற்கு ஆயிரத்துச் சொச்சம் பேர் கைதட்டியிருந்தார்கள். அடுத்த வாரம் அவரிடமிருந்தே மின்னஞ்சல் வந்தது. அதற்கும் அடுத்த வாரம் தொலைபேசி.

“என் பேரு கெர்தா டோஃப்ட். முப்பத்தி ரெண்டு வருஷம் பஸ் ஓட்டுனவ. அதனால சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. எழுதுறது நீங்கதானா?”

“நான்தான்.”

“எங்கப்பா தூங்குனாருன்னு யாரு சொன்னா உங்களுக்கு?”

“பழைய ஆவணங்கள்ல… மூலங்கள் ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் மாறுபடுது…”

“எந்த மூலம்? பேரு சொல்லுங்க.”

“பார்த்துட்டுத்தான் சொல்லணும்.”

“பாருங்க. நல்லாப் பாருங்க. அவரு விட்சுண்ட் முதியோர் இல்லத்துல இருக்காரு. அங்க புதன்கிழமைன்னா எல்லாரும் சேர்ந்து உக்காந்து உங்க படத்ததான் பாக்குறாங்க.”

“யார் இருக்காங்க?” என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்விதான், ஆனால் வாயில் அதுதான் வந்தது.

“எங்கப்பா. பின்ன யாரு? செத்துட்டாருன்னு நெனச்சீங்களா?”

அட்டவணைக் கட்டத்தில் நான் தட்டிய ‘இல்லை’ கண் முன்னால் வந்து நின்றது.

“அக்டோபர் பன்னெண்டு அவருக்குத் தொண்ணூறு முடியுது” என்றார் கெர்தா. “ஊரே வரும். இல்லத்துல வேலை செய்யுற சின்னப் புள்ளைங்களுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. அவங்களுக்கு உங்க படம்தான் தெரியும். ‘என்ன தாத்தா, தூக்கம் வருதா’ன்னு வேடிக்கை பண்ணுதுங்க. கெட்ட புள்ளைங்க இல்ல. ஆனா அவரு பேசுறதக் கொறச்சுட்டாரு. எனக்கு உங்க மன்னிப்பு வேண்டாம், நஷ்ட ஈடும் வேண்டாம். பொறந்த நாளுக்கு முன்னாடி அதத் திருத்திடுங்க. அந்த ஒரு நாளாச்சும் அவரு தலை நிமிந்து உக்காரணும். முடியுமா, முடியாதா?”

“முடியும்” என்றேன்.

முடியும்தான். கடவுச்சொல் என்னிடமே இருந்தது. அந்த எட்டு விநாடியை வெட்டிவிட ஒரு பொத்தான் போதும். ஆனால் வெட்டினால் யெப்பே ஏன் என்று கேட்பான்.

இங்கே எங்கள் டிசம்பர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு டிசம்பரிலும், அந்த வருடம் நாங்கள் சறுக்கிய இடங்களை எல்லாம் நாங்களே சொல்லிக்காட்டி ஒரு படம் போடுவோம். கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்திகளை வரிசையாக ஏற்றிவைத்து, ஒவ்வொரு தவறையும் படித்து, ஒவ்வொன்றாக யெப்பே ஊதி அணைப்பான். கடைசியில் இருட்டில் உட்கார்ந்து சிரிப்பான். ஜனம் உருகிவிடும். ‘இவ்வளவு நேர்மையா!’ என்று எழுதுவார்கள். எங்கள் படங்களிலேயே அதிகம் பேர் பார்ப்பது அதைத்தான். தப்பை ஒப்புக்கொள்வதையும் நாங்கள் ஒரு பண்டிகைப் பலகாரமாக ஆக்கிவிட்டோம்.

ஆனால் யெப்பேக்கு ஒரு சட்டம் உண்டு. அதில் அவன் விளையாடமாட்டான். இரண்டு ஆவணங்கள் இரண்டு விதமாகச் சொன்னால் அது டிசம்பருக்குப் போகும். நாங்களே இட்டுக்கட்டியது என்றால் அன்றைக்கே படம் இறங்கிவிடும், யெப்பே திரையில் வந்து காரணம் சொல்வான், கட்டிவிட்டவன் வீட்டுக்குப் போவான். ஒரு முறை அப்படி ஒருவன் போயிருக்கிறான். அவன் நாற்காலியில்தான் அப்போது நான் என் மழைக்கோட்டைப் போட்டுவைப்பேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், யெப்பே ரை ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

“அந்தப் பாலக்காரர் விஷயம். வேற ஒரு அறிக்கை கெடச்சிருக்கு. அவர் தூங்கலன்னு சொல்லுது.”

“எப்ப வந்துது?”

“இப்பத்தான்.” யெப்பேயிடம் இது இரண்டாவது பொய்.

“அப்ப நமக்கு முதல்ல எங்கேருந்து கெடச்சுது, தூங்குனாருன்னு?”

“ஒரு பத்திரிகைக் குறிப்பு.” இது மூன்றாவது. முதல் பொய்க்குத்தான் கஷ்டப்பட வேண்டியிருந்தது. மற்றவை தாமாகவே வரிசையில் வந்து நின்றன.

“சரி, டிசம்பர்ல போட்டுடுவோம்” என்றான் யெப்பே. “நாலாவது மெழுகுவர்த்தி. நல்லா வரும்டா. அந்த மீன் மறுபடியும் எட்டிப் பாத்து மன்னிப்புக் கேக்கட்டும். சிட்செல், செய்வியா?”

“செஞ்சுட்டாப் போச்சு” என்றாள் சிட்செல்.

“அவர் உயிரோட இருக்காரு, யெப்பே. அக்டோபர்ல பொறந்த நாளு. அவர் பொண்ணு அதுக்கு முன்னாடி கேக்குறாங்க.”

யெப்பே மெல்லுவதை நிறுத்தினான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கண்ணைப் பார்த்துக் கேட்டான்:

“உயிரோட இருக்காரா? அட்டவணையில இல்லன்னுதானே போட்டிருந்த? சரி, அது தப்பு, தப்பு நடக்கும். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். இது ரெண்டு காகிதத்துக்கு நடுவுல உள்ள சண்டையா, இல்ல நாமளே கட்டிவிட்டதா? கட்டிவிட்டதுன்னா சொல்லு, இந்த ரொட்டியத் தின்னு முடிக்கிறதுக்குள்ள எறக்கிடுறேன்.”

மேசையைச் சுற்றி ஐந்து பேர். பதினோரு வருடமாக ‘ஹோல்கர் சொல்லிட்டான்னா அச்சுல ஏத்தலாம்’ என்று சொல்கிற வாய்கள்.

“ரெண்டு காகிதம்தான்” என்றேன்.

“அப்ப டிசம்பர்” என்று மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டான்.

கெர்தாவுக்கு நான் எழுதிய பதிலை இப்போது படித்தால் எனக்கே குமட்டுகிறது. ‘எங்கள் ஆண்டிறுதித் திருத்தப் படத்தில் இது உரிய இடம் பெறும்’ என்று ஒரு வரி. அவர் பதிலுக்கு ஒரே வரிதான் எழுதினார்: ‘அப்போ பிறந்த நாளை டிசம்பருக்குத் தள்ளி வைக்கச் சொல்றீங்களா?’

அக்டோபர் பன்னிரண்டு சனிக்கிழமை. என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. அறிக்கையை அச்செடுத்து ஓர் உறையில் போட்டுக்கொண்டு, இரண்டரை மணி நேரம் மழையில் கார் ஓட்டி விட்சுண்ட் போனேன். பெரியவர் கையில் அதைக் கொடுத்துவிட்டு, நான்தான் கட்டிவிட்டேன் என்று அவரிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று எண்ணம். யெப்பேக்குத் தெரியாமல், வேலையும் போகாமல், மனசாட்சிக்கு மட்டும் ஒரு பூச்சு.

முதியோர் இல்லத்தின் வாசலிலேயே பிறந்த நாளுக்கென்று கொடி ஏற்றியிருந்தார்கள். உள்ளே நீள மேசைகளில் குட்டிக் கொடிகள், வெண்ணெய் தடவிய பன்கள், காபி. அறுபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் நீலக் கம்பளிச் சட்டையில் ஒடிசலான ஒரு மனிதர். காது பெரியது, கை அதைவிடப் பெரியது. பக்கத்தில் குட்டை முடியோடு நின்ற பெண்தான் கெர்தா என்று சொல்லாமலே தெரிந்தது. பெயரைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“திருத்திட்டீங்களா?”

“டிசம்பர்ல…”

“அப்ப எதுக்கு வந்தீங்க? கேக் தின்னவா?”

“அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்.”

“பாட்டு முடியட்டும்” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாட்டு என்றால், ஐம்பது, அறுபது என்று முழுப் பத்தாக வரும் பிறந்த நாளில் எங்கள் ஊர்களில் தப்பிக்க முடியாத ஒன்று. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டுக்கு, பிறந்த நாள்காரரைக் கிண்டல் செய்து புதிதாக வரிகள் எழுதி, தட்டுக்கு அடியில் தாளை ஒளித்துவைத்திருப்பார்கள். எல்லோரும் எழுந்து பாடியாக வேண்டும், கிண்டலுக்கு ஆளானவர் உட்பட. முகம் சுளித்தால் மரியாதை இல்லை. இந்தப் பாட்டை இல்லத்துப் பணிப்பெண்கள் சேர்ந்து எழுதியிருந்தார்கள். முதல் இரண்டு பத்தியில் அவருடைய தோட்டமும் மிதிவண்டியும் வந்தன. மூன்றாவதுக்கு வந்ததும் ஒரு பெண் எல்லோரையும் பார்த்துக் கண்ணடித்தாள்.

‘ரயில் வருது, ரயில் வருது, ஐனாரே எழுந்திரு!
காபி ஆறிப் போச்சு பாரு, கண்ணைக் கொஞ்சம் திறந்திரு!
பாலம் மேலே, படகு கீழே, குறட்டைச் சத்தம் விண்ணிலே,
தொண்ணூறாகிப் போன பின்னும் தூக்கம் உங்கள் கண்ணிலே!’

அறுபது பேர் பாடினார்கள். இளையவர்கள் உற்சாகமாக, வயதானவர்கள் சிலர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு. ஓர் ஓரத்தில் ஒரு கிழவர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் ஆக்ஸலின் தம்பி என்று பிறகு கெர்தா சொன்னார். ஐனார் பாடினார். தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல், நடுங்கும் குரலில் தன் குறட்டையைத் தானே பாடினார். பிறகு எல்லோரும் கையை உயர்த்தி மூன்று முறை வாழ்த்துச் சொன்னார்கள். கண்ணடித்த பெண் பரிசுப் பொட்டலத்தை நீட்டினாள். பிரித்தார். எங்கள் கோப்பை. என் மேசையில் இருப்பதைப் போலவே ஒன்று.

கூட்டம் கேக்குக்கு நகர்ந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கெர்தா எதிரே நின்றார்.

“அப்பா, இவரு ஹோல்கர். அந்தப் படங்கள எழுதுறவரு.”

அவர் முகம் மலர்ந்தது. நான் எதை எதிர்பார்த்தாலும் அதை எதிர்பார்க்கவில்லை. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அடேயப்பா! நீங்களா தம்பி? நான் ஒண்ணு விடாம பாத்திருக்கேன். கப்பல் மிதக்குற படம் இருக்கே, எத்தன தெளிவு! அறுபது வருஷம் கப்பலப் பாத்துட்டே இருந்தேன், எனக்குத் தெரியாது. நீங்க சொல்லித்தான் புரிஞ்சுது.”

“ஐயா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பாலத்துப் படம்…”

“அதுவும் பாத்தேன். நெறையத் தடவ பாத்தேன்.” குரலைத் தாழ்த்தினார். “ஆக்ஸல் என் கூட்டாளி தம்பி. அன்னிக்கு ரயில்ல கரி அள்ளிப் போட்டவன். அன்னிலேருந்து ஒரே கேள்விதான் எனக்கு. லிவர இழுத்தேனா, இழுத்ததா நெனச்சுக்கிட்டேனா? அறுபத்தாறு வருஷம் தம்பி. சாப்புடுறப்ப, தோட்டத்துல மண்ணு கொத்துறப்ப, இவளப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வர்றப்ப. இழுத்தேனா? இழுத்தேனா? உங்க படம் வந்தப்புறம் அது நின்னு போச்சு. இழுக்கல. தூங்கிட்டேன். அவ்வளவுதான்.”

கெர்தாவின் கை நாற்காலி முதுகை இறுகப் பிடித்தது. இதை அப்பா தன்னிடம் சொன்னதே இல்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது.

“நீங்க தூங்கல” என்றேன். உறையைக் கிழித்து அறிக்கையை எடுத்தேன். “பாருங்க. விசாரணை அறிக்கை. நீங்க லிவர இழுத்தீங்க. படகுல இருந்தவர் பாத்திருக்காரு. கைகாட்டி பனியில ஒட்டிக்கிச்சு. இதோ, குற்றம் இல்லன்னு கையெழுத்து.”

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அந்தக் கையெழுத்துகளை விரலால் தடவினார்.

“இத அன்னிக்கே படிச்சுக் காட்டுனாங்க தம்பி. அந்தப் படகுக்காரரு எங்கப்பாவோட சிநேகிதரு. சின்னப் பையன் பாவம்னு எனக்காகச் சொல்லியிருப்பாரு. இது பழசு. அப்ப அவங்களுக்கு என்ன தெரியும்? நீங்க இப்ப எல்லாத்தையும் நோண்டிப் பாத்துத்தானே போட்டிருப்பீங்க.”

“நோண்டல! நான் எதையும் நோண்டல ஐயா!” என் குரல் உயர்ந்ததில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. “காகிதம் வர லேட்டாச்சு. எட்டு விநாடிக்கு ஏதாவது வேண்டியிருந்துது. நானா உக்காந்து எழுதுனேன். தூக்கத்தையும் காபியையும் நானே கட்டிவிட்டேன். முழுக்கப் பொய்!”

சொல்லிவிட்டேன். யெப்பேயின் மேசையில் சொல்லியிருக்க வேண்டியதை, நான்கு மாதம் தாமதமாக, வெண்ணெய் பன்களுக்கு நடுவில் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

ஐனார் என்னைக் கனிவோடு பார்த்தார். என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“ரொம்ப நல்ல மனசு தம்பி உங்களுக்கு. கெழவன் பொறந்த நாளு, மனசு நோகக் கூடாதுன்னு இவ்வளவு தூரம் மழையில வந்து சொல்றீங்க. கெர்தா சொல்லி வந்தீங்களா? இவ சின்ன வயசுலேருந்தே இப்படித்தான், அப்பாவுக்கு ஒண்ணுன்னா தாங்க மாட்டா.” பிறகு கொஞ்சம் சாய்ந்து ரகசியம் போலச் சொன்னார்: “காபி கூட எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. பூட்ஸ் மேல ஒரு சொட்டு விழுந்துதே. சூடா இருந்துது.”

கெர்தா என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். விட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கைப்பிடியாகத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“நாலு மாசம் முன்னாடி இதச் சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு” என்றார். “அப்ப அவருக்குச் சந்தேகம் மட்டும்தான் இருந்துது. உனக்கு அப்ப வாய் எங்க போச்சு?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது. நியாயம்தான்.

திங்கட்கிழமை காலை யெப்பேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்தவில்லை. “சிட்செல்கிட்ட நீயே சொல்லு” என்று மட்டும் சொன்னான். மதியத்துக்குள் படம் இறங்கியது, கோப்பை விற்பனை நின்றது, யெப்பே மெழுகுவர்த்தி இல்லாமல், சிரிப்பு இல்லாமல் மூன்று நிமிடம் திரையில் பேசினான். சிட்செல் இன்றுவரை என்னோடு பேசவில்லை. என் மழைக்கோட்டு இப்போது வீட்டு ஆணியில் தொங்குகிறது.

நவம்பர் கடைசியில் கெர்தா கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். குரலில் அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

“புதன்கிழம ஆனா அந்தப் படத்தப் போடச் சொல்றாரு. இல்லப்பா, எடுத்துட்டாங்க, பொய்யின்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னேன். அந்த யெப்பே பேசுனதையும் போட்டுக் காட்டுனேன். முழுசாப் பாத்தாரு.”

“என்ன சொன்னாரு?”

பின்னால் எங்கோ பாத்திரங்கள் உரசும் சத்தம் கேட்டது.

“அழுதாரு. ‘எனக்காகப் பொய் சொல்லிட்டாங்க பாரு, அந்தப் பசங்க’ன்னு அழுதாரு.”